காலை எட்டு மணி, நாற்பது வினாடி: என் சேர்வரில் நெட்டேட்டா

காத்தான்குடி நானா ஒருவரின் இரவு பஸ்ஸுக்குச் சீட் பதியும் இணையத்தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மட்டக்களப்பு – கொழும்பு, இரண்டு பஸ். ஞாயிறு இரவுச் சீட் வியாழன் காலை எட்டு மணிக்குத் திறக்கும். லீவுக்கு ஊர் வந்தவர்கள் எல்லாம் அந்த நேரத்துக்குப் போனும் கையுமாக இருப்பார்கள். எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு எனக்கு நானாவின் அழைப்பு வரும்: "தம்பி, சைட் சுத்திக்கொண்டே நிக்குது. சனம் என்னை ஏசுது."

கல்லடி வீட்டில் லேப்டாப்பைத் திறந்து பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். சேர்வரை வாடகைக்குத் தந்தவர்களின் பக்கத்தில் ஒரு வரைபடம் உண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி. சிபியு இருபது வீதத்தைச் சுற்றியே நிற்கும். போன் சிக்னல்தான் சரியில்லை என்று நானாவுக்குச் சொல்லிச் சொல்லி இரண்டு மாதம் ஓட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் நெட்டேட்டாவைப் போட்டேன், சேர்வரைக் கண்காணித்துப் படம் வரையும் ஒரு மென்பொருள். காசில்லை. ஒரே கட்டளையில் இறங்கி ஐந்து நிமிடத்துக்குள் ஓடத் தொடங்கியது. சிபியு, நினைவகம், டிஸ்க், நெட்வேர்க் எல்லாவற்றையும் தானாகவே கண்டுபிடித்து, வினாடிக்கு ஒரு புள்ளியாக வரைகிறது. பக்கங்களைப் பரிமாறும் என்ஜின்எக்ஸுக்கு மட்டும் அதன் நிலைப் பக்கத்தை உள்ளிருந்து பார்க்கும்படி திறந்துவிட வேண்டும். சீட் விவரங்கள் இருக்கும் தரவுத்தளமான மைசீக்வலுக்குத் தரவைத் தொட முடியாத ஒரு பயனரை உருவாக்க வேண்டும். தளத்தின் நிரலை ஓட்டும் பிஎச்பிக்கும் இதே மாதிரிச் சின்ன வேலைதான். இவற்றைச் செய்யாமல் விட்டால் பாதிப் படம்தான் கிடைக்கும்.

அடுத்த வியாழன் தேநீரோடு உட்கார்ந்தேன். சரியாக எட்டுக்கு டிஸ்க் வாசிப்பு செங்குத்தாக ஏறியது. சிபியு நூறைத் தொட்டது, அதில் பெரும்பகுதி டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம். மைசீக்வல் இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிய, பிஎச்பி தொழிலாளிகள் (வருகிறவர்களின் கோரிக்கைகளை ஒவ்வொன்றாகக் கவனிக்கும் செயல்கள்) எல்லோரும் பிடிபட்டு நின்றார்கள். நாற்பது வினாடியில் எல்லாம் பழையபடி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாற்பது வினாடி நூறு வீதம், மிச்சம் 260 வினாடி பத்து வீதம் என்றால் ஐந்து நிமிடச் சராசரி 22 வீதம்தான்! நானாவின் சனம் மாட்டிக்கொண்ட நாற்பது வினாடி அந்தச் சராசரிக்குள் கரைந்துபோயிருந்தது.

கள்ளன் வேறு யாருமில்லை, நான்தான். சாமம் இரண்டரைக்கு என்று நினைத்து பேக்கப்பை 2.30க்கு வைத்திருந்தேன். சேர்வரின் கடிகாரம் யூடிசி, அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் ஓடும் உலகப் பொது நேரம். அங்கே 2.30 என்றால் நமக்குக் காலை எட்டு. தினமும் அந்த நேரத்தில் தரவுத்தளத்தின் அட்டவணைகளைப் பூட்டிக்கொண்டு பேக்கப் ஓடியிருக்கிறது. மற்ற நாள்களில் எட்டு மணிக்கு ஆளில்லாததால் யாருக்கும் தெரியவில்லை. 21.00க்கு (நமக்குச் சாமம் இரண்டரை) மாற்றினேன், பூட்டாமல் எடுக்கும் தெரிவையும் சேர்த்தேன். வியாழன் அழைப்பு நின்றுவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. நான் நிறுவிய முறையில் நெட்டேட்டாவின் படங்களைப் பார்க்கும் வாசலான 19999ஆம் போர்ட் வெளியாருக்கும் திறந்தே கிடந்தது. கடவுச்சொல் எதுவும் கேட்காமல் அரசடியில் ஒரு தேநீர்க் கடையில் இருந்து போனில் திறந்து பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. அன்றிரவே 127.0.0.1க்கு, அதாவது சேர்வருக்குள்ளிருந்து மட்டும் என்று கட்டி, எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகப் பார்க்கத் தொடங்கினேன். நீங்கள் முதல் நாளே இதைச் செய்யுங்கள். பயன்பாட்டுத் தகவலைப் பெயரில்லாமல் திருப்பி அனுப்பும் வசதியும் தொடக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், விருப்பமில்லாவிட்டால் நிறுத்தலாம். முகப்பைத் திறந்தால் கணக்குத் தொடங்கச் சொல்லிக் கேட்கும். அதைத் தாண்டிப் போக வழி இருக்கிறது, ஆனால் கடைக்குள் போகும்முன் பெயர் கேட்பதுபோல எனக்கு எரிச்சல்தான். சேர்வரில் ஓடும் பகுதி ஜிபிஎல் உரிமத்தில் திறந்த மூலம், புதிய முகப்பு அப்படியில்லை என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது ஒரு ஜிபி நினைவகம் உள்ள சின்ன இயந்திரம். அதில் இது நூறு எம்பிக்கு மேல் பிடித்தது. வழமைக்கு மாறானதைத் தானாகக் கண்டுபிடிக்கும் இயந்திரக் கற்றல் பகுதியை அணைத்த பிறகு கொஞ்சம் இறங்கியது. பஸ் சீட்டுக்கு அது எதற்கு? போன் டேட்டாவில் படத்தைத் திறந்தே வைத்திருந்தால் கார்ட் பறந்துவிடும், வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். எச்சரிக்கையை டெலிகிராமுக்குத் திருப்பியிருக்கிறேன், மின்னஞ்சலை யார் சாமத்தில் பார்க்கிறார்கள்?

ஒருநாள் நானாவுக்கும் காட்டினேன். கோடு ஏறுவதைப் பார்த்துவிட்டு, "இது ஏறினா சீட் விக்குதெண்டா அர்த்தம்?" என்று கேட்டார். இல்லை என்றதும் ஆர்வம் போய்விட்டது. எனக்கோ இப்போது வேறொரு கோட்டின்மேல் கண்: ஸ்டீல் என்று ஒன்று, நமக்கு வரவேண்டிய சிபியு நேரம் அதே இயந்திரத்தில் இருக்கும் அயலவர்களுக்குப் போவதைக் காட்டும். சில இரவுகளில் அது ஏறுகிறது. இன்னும் இரண்டு வாரம் பார்த்துவிட்டுத்தான் வாடகை இடத்தை மாற்றுவதா என்று முடிவெடுப்பேன்.