தட்டைக் கிளவுஸ்: தரைப்பந்துப் பயிற்சிக்கு எந்த அளவுக்கு உதவும்?

சாஃப்ட்பால் பழகும் பிள்ளைகளுக்கென்று விற்கிற பயிற்சிச் சாமான்களில் பல, இரண்டாவது வாரமே மூட்டைக்குள் போய்விடும். தட்டைக் கிளவுஸ் அந்த ரகமில்லை. அதற்காக, வாங்கிக் கையில் மாட்டிவிட்டால் போதும், தரைப்பந்து, அதாவது தரையில் உருண்டோ துள்ளியோ வரும் பந்து, பிடிக்க வந்துவிடும் என்ற நினைப்பும் வேண்டாம். இது பிழையைக் காட்டிக்கொடுக்கிற கருவி. திருத்துவது கோச்சின் வேலை.

பல பெயர்களில் வந்தாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். சுமார் 9 அங்குல விட்டத்தில் ஒரு வட்டப் பலகை; உள்ளே 2 சென்டிமீட்டர் கனத்துக்குக் கெட்டி ஃபோம், மேலே ரெக்சின் மாதிரி ஓர் உறை. பின்பக்கம் நான்கு விரல்களுக்கும் குறுக்கே ஓர் எலாஸ்டிக் பட்டை, கட்டைவிரலுக்குத் தனி வளையம். பந்து அமரும் குழியான பாக்கெட் கிடையாது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பின்னிய வெப்பிங் கிடையாது, மடக்கவும் முடியாது.

மடங்காததுதான் இதன் பலம். சாதாரண கிளவுஸில் பந்து வெப்பிங் நுனியில் போய்ச் சிக்கினாலும் 'பிடித்தாயிற்று' என்று எல்லோரும் கை தட்டுகிறோம். அங்கே சிக்கிய பந்தைத் துழாவி எடுத்து விரலில் சரியாக அமர்த்துவதற்குள் ஓடுகிறவர் ஃபர்ஸ்ட் பேஸைத் தொட்டிருப்பார். சாஃப்ட்பாலில் பேஸ்களுக்கு இடையே 60 அடிதான், பேஸ்பாலில் இருப்பது போல 90 அடி இல்லை. பேஸ்களை ஒட்டிய உள்பகுதியான இன்ஃபீல்டில் ஒரு தடவை தடுமாறினாலே ரன்னர் பத்திரமாகச் சேர்ந்துவிடுவார். தட்டைக் கிளவுஸில் ஒளிய இடமில்லை. 12 அங்குலப் பந்தின் (12 அங்குலம் என்பது சுற்றளவு) விட்டமே கிட்டத்தட்ட 9.7 சென்டிமீட்டர், பலகையின் நடுவில் பந்து பட்டு, அதே நொடியில் வெறுங்கை மேலே வந்து மூடினால்தான் நிற்கும். ஒற்றைக் கையால் அள்ளப் பார்த்தால் பந்து கீழே.

பந்து தவறும் விதத்தைப் பார்க்கத் தெரிந்தால், கொடுத்த காசு அங்கேயே வசூலாகிவிடும். பலகையில் 'டப்' என்று அடித்து முன்னால் தெறித்து ஓடினால், பிள்ளை பந்தை வாங்கவில்லை, தள்ளுகிறது; முழங்கை விறைத்திருக்கும். முழங்கையைத் தளர்த்தி, பந்து பட்டதும் வயிற்றை நோக்கி இழுத்துக்கொள்ளச் சொன்னால் நாலைந்து பந்துகளில் அந்தச் சத்தமே மாறும்.

பலகைக்கு அடியில் பந்து நுழைந்து போனால், கை மேலிருந்து கீழே வந்திருக்கிறது என்று அர்த்தம். இதுதான் எல்லா வயதிலும் அதிகம் பார்க்கிற பிழை. பந்து பாதி தூரம் வருவதற்குள் பலகையின் நுனி மண்ணில் உரச வேண்டும். எதிர்பாராமல் எகிறும் பந்துக்குக் கையை மேலே தூக்குவது சுலபம். தாழ்ந்து வரும் பந்துக்குக் கடைசி நேரத்தில் கீழே இறக்குவது நடக்காது.

பந்து பலகையில் ஏறி முன்கையில் உருண்டு வந்தால், பிள்ளை அதைத் தாம்பாளம் மாதிரி படுக்க வைத்திருக்கிறது. விரல்கள் கீழ் நோக்கியும் உள்ளங்கை பந்தைப் பார்த்தும் இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்வு இருக்கலாம், சறுக்குமரமாகக் கூடாது. நடுவில் பட்டும் பக்கவாட்டில் நழுவினால், எறிகிற கை தாமதமாக வருகிறது, அல்லது கைதட்டுவது போலப் பக்கத்திலிருந்து வருகிறது. அது பலகைக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், முதலைவாயின் மேல்தாடை போலத் திறந்து காத்திருக்க வேண்டும். பந்து திடீரென்று முகத்துக்கு எகிறினால் முதலில் தடுப்பதும் அந்தக் கைதான்.

பயன்படுத்தும் வரிசை முக்கியம். முதலில் இரண்டு முழங்காலும் தரையில். 3 மீட்டர் தூரத்திலிருந்து கையால் மெதுவாக உருட்டி 10 பந்துகள். காலைப் பற்றி யோசிக்கத் தேவையில்லாததால் கை மட்டும் படியும். அடுத்து எழுந்து நின்று, கால்களைத் தோளைவிட நன்றாக அகட்டி, கிளவுஸ் பக்கத்துக் காலை அரை அடி முன்னே வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, 5 மீட்டரிலிருந்து 10 பந்துகள். இரண்டு பாதங்களையும் பலகையையும் கோடு போட்டு இணைத்தால் முக்கோணம் வர வேண்டும். பலகை அதன் உச்சியில், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். கால்களுக்கு நடுவிலோ அதற்கும் பின்னாலோ வைத்துப் பிடிக்கிற பிள்ளைக்குக் கடைசி ஓரடியில் பந்து கண்ணை விட்டு மறைந்துவிடும். மூன்றாவதாக, நடந்து வந்து பிடிப்பது: வலது கையால் எறிபவர்களுக்கு வலது கால், இடது கால், பிடி, பிறகு வலது கால் முன்னே மாறி, இடது கால் இலக்கைப் பார்த்து, எறி.

இந்த மூன்றாவது கட்டத்தில் ஒரு குறை தெரியும். நேராக உருட்டிக்கொண்டே இருந்தால், வேரூன்றின மாதிரி நிற்கிற பிள்ளைகூட எல்லாப் பந்தையும் பிடித்துவிடும். கை தேறும், கால் தூங்கும். அதனால் அரை மீட்டர் இந்தப் பக்கம், அரை மீட்டர் அந்தப் பக்கம் என்று சொல்லாமல் மாற்றி உருட்டுங்கள். காலை நகர்த்தாமல் கையை மட்டும் நீட்டுகிறவர்களைப் பலகை உடனே தண்டித்துவிடும்.

ஷார்ட் ஹாப், அதாவது கைக்குச் சற்று முன்னால் தரையில் பட்டு எகிறும் பந்து, அந்தப் பயிற்சிக்கும் இது அருமை. இரண்டரை மீட்டர் தூரத்தில் நின்று, பலகைக்கு ஓரடி முன்னால் விழும்படி பந்தைக் குத்தி எறிய வேண்டும். எகிறத் தொடங்கும் இடத்திலேயே வாங்கிவிடலாம் என்பது கைக்குப் புரிந்துவிட்டால், பந்தைக் கண்டு பின்வாங்கும் பழக்கம் போகும். பின்வாங்குவதால்தான் பந்து நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் இடையே எகிறி, வாங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் போகிறது.

உதவாத இடங்களையும் சொல்லிவிட வேண்டும். பேக்ஹேண்டுக்கு இது பிரயோஜனமில்லை. உடலுக்குக் குறுக்கே எட்டிப் பிடிக்கும்போது இன்னொரு கை வந்து சேராது. கிளவுஸ் தானே மூட வேண்டும். தேர்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப் ஆடும் பிள்ளைகள் அதைத் தங்கள் கிளவுஸிலேயே பழகட்டும். நெஞ்சுயர த்ரோ, உயரே வரும் பந்து எதையும் இதை மாட்டிக்கொண்டு வாங்கக் கூடாது. நுனியில் பட்டால் விரல் மடங்கும், தடுக்க வெப்பிங் இல்லாததால் நேரே முகத்துக்கு வரும். த்ரோவை வாங்குகிறவர் சாதாரண கிளவுஸில் இருக்கட்டும். மட்டையால் அடித்த பந்தும் வேண்டாம், கையால் உருட்டுவது போதும். ஃபேஸ் மாஸ்க் போட்டே ஆரம்பிக்கலாம்.

பந்து விஷயத்தில் அவசரப்படாதீர்கள். 12 அங்குலப் பந்து 178 முதல் 198 கிராம் வரை எடை இருக்கும். 2 சென்டிமீட்டர் ஃபோம் வழியாகவும் உள்ளங்கையில் சுள்ளென்று உறைக்கும். ஒரு தடவை வலித்தால் அடுத்த பந்துக்குத் தலை தானாகத் திரும்பும், அந்தப் பழக்கத்தை உடைக்க மாதக்கணக்காகும். முதல் இரண்டு வாரம் அதே அளவில் மென்மையான பந்தே சரி. 10 வயதுக்குட்பட்டவர்களுக்கு 11 அங்குலம். டென்னிஸ் பந்து சின்னது, எகிறுவதும் அதிகம்; கைக்குத் தப்பான அளவு பழகிவிடும். உண்மையைச் சொன்னால், மென்மையான பந்து இருந்தால் முழங்கால் கட்டத்தை வெறுங்கையிலேயே பழக்கிவிடலாம். தட்டைக் கிளவுஸ் அவசியமாவது நிஜப் பந்துக்கு மாறும்போதுதான்.

ஒரு அமர்வுக்குப் பத்து நிமிடம், ஒரு பிள்ளைக்கு 20 முதல் 25 பந்துகள். அதற்கு மேல் போனால் மணிக்கட்டு களைத்து, பிடிப்பதற்குப் பதில் அறைய ஆரம்பிப்பார்கள். கழற்றிய கையோடு சொந்தக் கிளவுஸை மாட்டி இன்னும் 10 பந்துகள் கொடுங்கள். பலகையில் இரண்டு கையாலும் அழகாகப் பிடித்துவிட்டுக் கிளவுஸ் மாட்டியதும் மறுபடி ஒற்றைக் கைக்குத் திரும்புகிற பிள்ளை இருந்தால், கிளவுஸின் அளவைப் பாருங்கள். பெரும்பாலும் அவுட்ஃபீல்டுக்கான 12.5 அங்குலம் அந்தச் சின்னக் கையில் தொங்கிக்கொண்டிருக்கும். இந்த வயதில் இன்ஃபீல்டுக்கு 11 முதல் 11.5 அங்குலம் தாராளம்.

தயாரிப்பில் பலவீனமான பாகம் எலாஸ்டிக்தான். நாளாக ஆகத் தளரும். 8, 9 வயதுக் கைகளில் புதிதாக இருக்கும்போதே வழுக்கும். உள்ளே பேட்டிங் கிளவுஸ் போட்டுக்கொண்டால் சமாளிக்கலாம், அல்லது வெல்க்ரோ பட்டை வைத்ததாகப் பார்த்து வாங்கலாம். கட்டைவிரல் வளையம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் இடது கையால் எறியும் பிள்ளைக்கு ஒத்து வராது. 12 பேர் உள்ள அணிக்கு நான்கு போதும், ஆளுக்கொன்று தேவையில்லை. விரல் நுழைக்கும் தோல் வகையும் உண்டு. கிளவுஸுக்கு இன்னும் நெருக்கமான உணர்வு தரும், 13 வயதுக்கு மேல் அதுவே நல்லது. சின்னவர்களுக்கு விறைப்பு அதிகம்.

வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள், ஃபோம் வளைந்துவிடும். லேசாக வளைந்த பலகையில் பந்து எப்போதும் ஒரே பக்கமாகத் தெறிக்கும். ஒரு பிள்ளைக்கு மட்டும் அப்படி நடந்தால், கையைத் திருத்துவதற்கு முன் பலகையைக் கவிழ்த்துச் சமதரையில் வைத்து, ஆடுகிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.