பயறா, புழுவா, தலைப்பிரட்டையா? நான்காம் வகுப்பு ஜன்னலோரத்தில் எதை வைப்பது

எங்கள் நான்காம் வகுப்பில் 28 பிள்ளைகள், நல்ல வெளிச்சம் வரும் ஜன்னல் ஒன்றே ஒன்று. அந்த ஜன்னல் திண்டில் எதை வைத்து உயிரியலைக் காட்டுவது என்பது ஆண்டுதோறும் வரும் கேள்வி. பச்சைப்பயறு, கறிவேப்பிலைப் புழு, தலைப்பிரட்டை, காகித நுண்ணோக்கி என நான்கையும் வைத்துப் பார்த்துவிட்டேன். புதிதாகப் பணிக்கு வந்தவர்கள் எது நல்லது என்று கேட்டால், விலையையும் அழகையும் பிறகு பார்க்கலாம் என்பேன். ஒரு பிள்ளை தப்பாகச் செய்துவிட்டால், அதே வாரத்தில் மறுபடி செய்து பார்க்க வழி இருக்கிறதா? அதை முதலில் பாருங்கள்.

அந்தக் கணக்கில் பயறை மிஞ்ச ஆளில்லை. 20 ரூபாய்ப் பயறு வகுப்பு முழுவதற்கும் போதும். பலரும் ஈரப் பஞ்சில் போட்டுவைக்கிறார்கள். வேர் பஞ்சுக்குள் புகுந்து சிக்கிக்கொள்ளும், ஒன்றும் தெரியாது. கண்ணாடி டம்ளரின் உட்புறம் ஈரச் செய்தித்தாளைச் சுற்றி, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே பயறைச் செருகிவிட்டால் எல்லாம் வெட்டவெளிச்சம். இரவு ஊறிய பயறு ஓரிரு நாளில் தோல் வெடித்து, வெள்ளைத் தழும்பை ஒட்டி வேர் நீட்டும். வேர் ஓர் அங்குலம் வந்ததும் டம்ளரைப் படுக்கவைத்தால், மறுநாள் அதன் நுனி மட்டும் தரையைப் பார்த்து வளைந்திருக்கும். “அதற்கு யார் டீச்சர் சொன்னது?” என்று கேட்ட பையன் நம்பாமல் மறுபடி திருப்பினான், மறுநாளும் திருப்பினான். கடைசியில் வேர் படிக்கட்டுப் போல மடிந்து மடிந்து இறங்கியிருந்தது. அந்த டம்ளரை மட்டும் நான் தூக்கிப் போடவில்லை.

தண்ணீர் இல்லாமல் ஒன்று, முழுக்க மூழ்கவிட்டு ஒன்று, அலமாரிக்குள் இருட்டில் ஒன்று என்று வைக்கச் சொல்வேன். சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் வளரும் என்று ஒரு குழு அடித்துச் சொன்னது. ஊற்றச் சொன்னேன். எறும்புதான் சீக்கிரம் வந்தது. இருட்டில் வைத்தது செத்துவிடும் என்று கிட்டத்தட்ட எல்லோரும் எழுதியிருந்தார்கள். ஒரு சிறுமி மட்டும், “இல்லை டீச்சர், அதுதான் உயரமாக வரும். எங்கள் ஆச்சி முளைப்பாரியை இருட்டு அறையில்தான் வைப்பார்கள்” என்றாள். அப்படியே நடந்தது. வெளிச்சத்தைத் தேடி, பருப்பில் இருந்த சேமிப்பையெல்லாம் தண்டை நீட்டவே செலவழித்து, வெளுத்து நெடுநெடுவென்று நின்றது அலமாரிப் பயிர். ஜன்னலுக்குக் கொண்டுவந்ததும் பச்சை ஏறத் தொடங்கியது. மாரியம்மன் கோயிலுக்கு முளைப்பாரி எடுக்கும் ஊரில் இருந்துகொண்டு, இத்தனை ஆண்டு எனக்கு இது தோன்றாமல் போனதை நினைத்தால் கொஞ்சம் வெட்கம்தான்.

பயறின் குறை ஒன்று: வெள்ளிக்கிழமை தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டுப் போனால் திங்கட்கிழமை வகுப்பே நாறும்.

கறிவேப்பிலைப் புழு வேறு ரகம். பயறு கேள்வி கேட்க வைக்கும். இது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வைக்கும். தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தால் கறிவேப்பிலை அழகி என்னும் கறுப்புப் பட்டாம்பூச்சி தானே தேடி வந்து, கசகசா அளவில் முட்டையைத் தனித்தனியாக ஒட்டிவிட்டுப் போகும். முதலில் புழு பறவை எச்சம் போலவே இருக்கும். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். கடைசித் தோல் உரித்ததும் பச்சை. அப்போது ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவைக்கொம்பு வெளியே வரும், கூடவே காரமான ஒரு நெடி. 28 பேரும் ஒரே நேரத்தில் பின்வாங்கும் காட்சி அது.

ஆனால் இங்கே தப்புக்கு இடமில்லை. ஒருமுறை செடியில் இலை தீர்ந்து, சந்தையில் வாங்கிய கறிவேப்பிலையைக் கழுவாமல் போட்டேன். மறுநாள் மூன்று புழுக்கள் துவண்டு கிடந்தன. மருந்தடித்த இலையாக இருந்திருக்க வேண்டும். பிள்ளைகளிடம் அதை விளக்குவது எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. முட்டையிலிருந்து பறக்கும்வரை ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அத்தனை நாள் காத்திருந்தாலும், பெரும்பாலும் காலையிலேயே, பள்ளி மணி அடிக்குமுன் வெளியே வந்துவிடும். பிள்ளைகளுக்குக் கிடைப்பது காலிக் கூடுதான்.

ஒரு கூட்டுப்புழு மட்டும் நாளாகியும் திறக்கவில்லை. நிறம் மங்கியது, பிறகு ஒரு சிறு துளை. அதிலிருந்து எறும்பைவிடச் சிறிய குளவிகள் ஒவ்வொன்றாக வெளியேறின. “டீச்சர், பட்டாம்பூச்சி குளவியாகிவிட்டது!” என்றான் ஒருவன். குளவி கூட்டுக்குள்ளே முட்டையிட்டு, அதன் குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வளர்ந்த கதையைச் சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை. பாடப்புத்தகத்தின் வாழ்க்கைச் சுழற்சிப் படத்தில் குளவிக்கு அம்புக்குறி கிடையாது.

தலைப்பிரட்டையை நான் இனி வைப்பதாக இல்லை. மழைக்காலத்தில்தான் கிடைக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. வேகவைத்த கீரை கொஞ்சம் கூடினாலும் தண்ணீர் கெட்டுவிடும். கால் முளைத்ததும் ஏறி உட்காரக் கல் வைக்காவிட்டால் மூழ்கிச் சாகும். இத்தனை வேலையும் ஆசிரியர் தலையில், பிள்ளைகளுக்கு எட்டிப் பார்ப்பது மட்டும்தான்.

காகித நுண்ணோக்கி, அதாவது மீரட்டில் பிறந்த மனு பிரகாஷ் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப், 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். வெங்காயத் தோலின் கட்டங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டு விரலால் தாளை நகர்த்திக் குவியம் பிடிக்கவே பாதி நேரம் போய்விடும். ஒன்றை வைத்துக்கொண்டு 28 பேரை வரிசையில் நிறுத்தினால் மிச்சப் பாதி சண்டையில் போகும். நான்கு பேருக்கு ஒன்று கிடைக்குமானால் வாங்கலாம். இல்லையென்றால் அந்தப் பணத்துக்குக் கைப்பிடி வைத்த சாதாரண உருப்பெருக்கிகள் மேல்.

ஒன்றுதான் முடியும் என்பவர்களுக்குப் பயறு. இரண்டு முடியுமென்றால் பயறை முதலில் முடித்துவிட்டுப் புழுவுக்குப் போங்கள். டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கை பழகிய பிள்ளைகள் புழுவை அவ்வளவாக நசுக்குவதில்லை. எனக்கு இந்த ஆண்டு ஜூலையில் பயறு, தீபாவளி விடுமுறை கழிந்ததும் புழு. அதற்காகச் சமையல்கூடத்துப் பின்புறம் இரண்டாவதாக ஒரு கறிவேப்பிலைக் கன்று நட்டிருக்கிறேன். சத்துணவு சமைக்கும் அக்காவிடம், குழம்புக்கு அதில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லியும் வைத்திருக்கிறேன்.