வேட்பாளருக்கும் வில்லங்கம் பார்க்கலாம்

ஒன்றரை சென்ட் மனை வாங்குவதற்கு முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று எடுத்து, தாய்ப்பத்திரத்தைப் புரட்டி, அக்கம்பக்கத்தில் விசாரித்த பிறகே முன்பணம் கொடுக்கிறோம். தொகுதியையே ஐந்தாண்டுக்கு ஒருவர் கையில் ஒப்படைக்கும் நாளிலோ சின்னத்தைப் பார்த்துவிட்டு விரலை நீட்டிவிடுகிறோம். 2021 ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பு, இந்த வழக்கத்திலிருந்து சற்று விலகி, என் தொகுதியில் போட்டியிட்டவர்களைப் பற்றி இணையத்தில் கிடைப்பதையெல்லாம் படித்துப் பார்த்தேன். அதற்குப் பயன்பட்ட இரண்டு இலவசச் சேவைகளைப் பற்றியது இம்மதிப்புரை. ஒன்று, தேர்தல் ஆணையத்தின் உறுதிமொழிப் பத்திரத் தளம். மற்றொன்று, ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் நடத்தும் மைநேதா.

இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றே. வேட்புமனுவுடன் ஒவ்வொருவரும் தாக்கல் செய்யும் படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரம்தான் அது. வேட்பாளரின் வழக்கு, சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை அறிவது வாக்காளரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் தீர்ப்பளித்தது. அந்த உரிமையைக் குறுக்குவதற்காக நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டப்பிரிவையும் 2003 மார்ச் மாதம் அதே நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. முதல் வழக்கைத் தொடுத்தது, அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் 1999-இல் தொடங்கிய இதே சங்கம்தான் என்பதால், மைநேதாவை அந்தத் தீர்ப்பின் பிள்ளை என்றே சொல்லலாம்.

ஆணையத்தின் தளத்தில் தேர்தல், மாநிலம், தொகுதி ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் வேட்பாளர்கள் புகைப்படத்துடன் வரிசையாக வருகிறார்கள். மனு ஏற்கப்பட்டதா, தள்ளுபடியானதா, திரும்பப் பெறப்பட்டதா என்பதும் தெரிகிறது. முன்னணி வேட்பாளரின் பெயரையே கொண்ட சுயேச்சைகளை எதிர்த்தரப்பு நிறுத்துவது நம் ஊரில் பழைய உத்தி. ஆகவே பெயரை மட்டும் நம்பாமல் தந்தை பெயரையும் புகைப்படத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. பத்திரங்கள், தாக்கலான தாள்களை அப்படியே ஸ்கேன் செய்த படங்களாகவே கிடைப்பதால், சிலருடைய கையெழுத்தைப் படிக்க மருந்துக்கடைக்காரரைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். ஆயினும் முத்திரைகளும் அடித்தல் திருத்தல்களும் உட்பட, அசல் ஆவணம் எந்த இடைத்தரகரும் இன்றிக் கைக்கு வருவது சிறிய விஷயம் அன்று.

மைநேதா அந்தத் தாள்களை அட்டவணையாக்கித் தருகிறது. யார்மீது எத்தனை வழக்கு, மொத்தச் சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்பது ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும். சுருக்கம் ஆங்கிலத்தில் இருப்பது தமிழ் மட்டும் படிப்பவர்களுக்குத் தடையே. அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த வசதியில்தான் இருக்கிறது. ஒருவர்மீது 14 வழக்கு, இன்னொருவர்மீது ஒரே ஒரு வழக்கு என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் முதலாமவரை ரவுடி என்று ஒதுக்கிவிடுவார். உள்ளே சென்று பார்த்தால், அந்தப் பதினான்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 143, 341, 188 ஆகிய பிரிவுகளில், அதாவது சட்டவிரோதமாகக் கூடுதல், வழிமறித்தல், தடையுத்தரவை மீறுதல் என்ற வகையில் பதிவானவையாக இருக்கலாம். குடிநீர் கேட்டுச் சாலையில் உட்கார்ந்த எவருக்கும் இவை வந்துசேரும். மற்றவரின் ஒற்றை வழக்கோ 420 ஆகவோ, கொலை முயற்சிக்கான 307 ஆகவோ இருக்கலாம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டதால், புதிய வழக்குகளில் மோசடி 318 என்றும், கொலை முயற்சி 109 என்றும் குறிக்கப்படும். '420' என்று தேடிப் பழகிய கண்களுக்கு இது சிறிது காலம் குழப்பம் தரும். குற்றச்சாட்டு வனையப்பட்டதா (அதாவது நீதிமன்றம் அதை முறைப்படி சுமத்திவிட்டதா), வழக்கு எந்த நீதிமன்றத்தில் உள்ளது, அதன் எண் என்ன என்பவற்றுக்கும் படிவத்தில் இடம் உண்டு. அந்த எண்ணை நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் இட்டு வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்கலாம். தனியொருவர் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய சோதனைகளில் இதற்கு இணையாக வேறொன்றை நான் காணவில்லை.

சொத்துப் பகுதியிலும் மொத்தத் தொகை ஏமாற்றக்கூடியது. புறவழிச்சாலை வந்ததால் பாட்டன் நிலம் கோடியைத் தொட்டிருக்கலாம். அதில் வேட்பாளரின் சாமர்த்தியமும் இல்லை, குற்றமும் இல்லை. படிவமோ நிலம் பரம்பரையாக வந்ததா, சுயமாக வாங்கியதா, வாங்கிய தேதி என்ன, அன்றைய விலை என்ன, இன்றைய தோராய மதிப்பு என்ன என்று தனித்தனியாகக் கேட்கிறது. சர்வே எண்ணும் இருப்பதால், பதிவுத்துறைத் தளத்தில் வழிகாட்டி மதிப்பை எடுத்து ஒப்பிடலாம். மீண்டும் போட்டியிடும் ஒருவரை எடைபோட, அவருடைய முந்தைய தேர்தல் பத்திரத்தையும் இப்போதையதையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பெயரிலும் மனைவி, சார்ந்தோர் பெயரிலும் புதிதாக வாங்கியவற்றை, அவரே காட்டியுள்ள ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கோடு பொருத்திப் பார்ப்பதே நான் கண்டறிந்த சிறந்த வழி. ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. முதல் நான்கு பேரை மட்டும் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது. 1996-இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் களத்தில் நின்றார்கள். அன்று இந்தத் தளங்கள் இருந்திருந்தாலும் யாருக்கும் பொறுமை மிஞ்சியிருக்காது.

குறைகள் இல்லாமல் இல்லை. பத்திரத்தில் உள்ளவை வேட்பாளரே சொன்னவை. தேர்தல் நடத்தும் அலுவலர் அவற்றின் உண்மையை விசாரித்துப் பார்ப்பதில்லை. பொய் சொன்னால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த வழக்கை யாரேனும் தொடுத்து நடத்தியாக வேண்டும். வேட்பாளர் சொன்னதை மறுத்து வேறொருவர் எதிர் உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்திருந்தால் அதையும் ஆணையம் வெளியிடுகிறது என்பதால், அப்படி ஏதும் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது தகும். காலியான கட்டங்களை விடக்கூடாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, வெற்றிடங்கள் குறைந்து 'இல்லை', 'பொருந்தாது' என்ற சொற்கள் பெருகியிருக்கின்றன.

என் முக்கியமான குறை காலத்தைப் பற்றியது. 2021-இல் மனுக்களைத் திரும்பப் பெறும் கடைசி நாள் மார்ச் 22. வாக்குப்பதிவுக்கு எஞ்சியவை பதினைந்தே நாள்கள். குற்றப் பின்னணியைச் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரப்படுத்த வேண்டும் என்ற 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இந்தக் குறுகிய இடைவெளிக்குள்தான் நிறைவேற வேண்டும். அந்த விளம்பரங்கள் டெண்டர் அறிவிப்புகளுக்கு நடுவே பொடி எழுத்தில் வந்தால், தேடுபவர் கண்ணுக்கு மட்டுமே அகப்படும்.

ஐந்தில், ஆணையத் தளத்துக்கு நான்கு மதிப்பெண்ணும், மைநேதாவுக்கு, அசலுக்குப் போகும் வாசலாகப் பயன்படுத்தினால் நான்கும், அதோடு நின்றுவிட்டால் இரண்டரையும் தருவேன். தேர்தல் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்: 2021-இல் வென்றவர்களின் பத்திரங்கள் மைநேதாவில் இருக்கின்றன; உங்கள் தொகுதியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.