புகார் கொடுக்க 14,500 ரூபாய் வாங்கினார்கள், மனுவே போகவில்லை

வேறு யாரும் பணம் கட்டுவதற்கு முன் தெரியட்டும் என்றுதான் இந்தக் கோபத்தோடேயே எழுதுகிறேன். பக்கத்துக் கட்டடம் இடியும் நிலையில் இருக்கிறது, கீழே கெமிக்கல் அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பயந்து போயிருப்பவர்களைக் குறிவைத்து, "உங்கள் சார்பில் மாநகராட்சியில் நாங்களே புகார் செய்து நடவடிக்கை எடுக்க வைக்கிறோம்" என்று ஓர் ஆன்லைன் சேவைத் தளம் நடக்கிறது. என்னிடம் 14,500 ரூபாய் வாங்கினார்கள்.

நாங்கள் இருப்பது வடசென்னை. எங்கள் சுவரை ஒட்டி மூன்று மாடிப் பழைய கட்டடம். பங்காளிச் சண்டையில் கிடப்பதால் பராமரிக்க ஆளில்லை. பால்கனியில் சிமென்ட் உதிர்ந்து கம்பி துருவோடு தெரிகிறது, எங்கள் பக்கச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. கீழ்த்தளத்தை யாரோ குடோனாக எடுத்து டிரம் டிரம்மாகப் பெயின்ட் தின்னர் இறக்கியிருக்கிறார்கள். வெயில் ஏறினால் நெடி எங்கள் சமையலறை வரை வரும். அம்மா ஆஸ்துமாக்காரர்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இந்தப் பயம் புதிதில்லை. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்த பிறகுதான் அங்கே வெடித்த அதே அம்மோனியம் நைட்ரேட் மணலியில் ஒரு சரக்குக் கிடங்கில் சுமார் 700 டன் வருஷக்கணக்காகக் கிடந்தது ஊருக்கே தெரிந்தது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் குடியிருப்பு இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைப் பார்த்துச் சனங்கள் முன்பே வெளியேறியதால்தான் உயிர்ச்சேதம் இல்லை. மேட்டுப்பாளையம் நடூரில் அந்த நேரம் கிடைக்கவில்லை. வீடுகளை ஒட்டியிருந்த சுற்றுச்சுவரை அகற்றச் சொல்லி அங்கிருந்தவர்கள் முன்பே கேட்டிருந்தார்கள். 2019 டிசம்பர் 2 விடியற்காலை மழையில் அது விழுந்து 17 பேர் போனார்கள். இதெல்லாம் மனதில் ஓடும்போது, பொறுப்பாகச் செய்து தருகிறோம் என்று ஒருவர் சொன்னால் யார்தான் கேட்க மாட்டார்கள்?

அந்தத் தளத்திலிருந்து வீடியோ காலில் வந்தவர் தன்னைக் கட்டட இன்ஜினியர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். அவர் கேட்ட கேள்விகள்தான் என்னை நம்ப வைத்தன. "விரிசல் நேரா இறங்குதா, சாய்வா போகுதா மேடம்? கதவு ஜன்னல் முன்னைவிட இறுக்கமா இருக்கா? மழைக்குப் பிறகு விரிசல் அகலமாச்சா? தூண்ல துருக்கறை தெரியுதா?" எல்லாமே சரியான கேள்விகள். மௌலிவாக்கத்தில் 2014-ல் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததைச் சொல்லி, "இதைத் தள்ளிப்போடாதீங்க, உங்க அம்மாவை நினைச்சுப் பாருங்க" என்றார். அம்மாவைச் சொன்னதும் பணத்தை அனுப்பினேன். முதலில் 9,500. மறுநாளே "அவசர ஆய்வுக் கட்டணம்" என்று 5,000. மாநகராட்சி, தீயணைப்புத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூன்றுக்கும் மனு போகும், இன்ஜினியர் நேரில் வருவார் என்று பேச்சு. ஒரு கோப்பு எண்ணும் கொடுத்தார்கள்.

நேரில் யாரும் வரவில்லை. வந்தது ஒரு பிடிஎஃப் "ஆய்வறிக்கை". அதில் எங்கள் பக்கத்துக் கட்டடம் இரண்டு மாடி! படத்தில் இருப்பது எந்த ஊர்க் கட்டடமோ. தின்னர் டிரம் பற்றி ஒரு வரி இல்லை.

கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு குரல். "ஃபைல் மேலிடத்துல இருக்கு மேடம்." "மழை சீசன், ஆபீசர்ஸ் எல்லாம் ஃபீல்டுல இருக்காங்க." "அந்த சார் ரிசைன் பண்ணிட்டாரு." கடைசியாக ஒரு பெண், "நாங்க வழிகாட்டுறது மட்டும்தான், ரிப்போர்ட் கொடுத்தாச்சு, சர்வீஸ் முடிஞ்சது, பணம் திரும்ப வராது" என்று சொல்லி வைத்துவிட்டார். இப்போது என் எண்ணையே பிளாக் செய்திருக்கிறார்கள்.

நேற்று கோப்பு எண்ணை எடுத்துக்கொண்டு மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கே போனேன். உதவிப் பொறியாளர் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு நம்பரே எங்ககிட்ட கிடையாதும்மா. புகார் கொடுக்கக் காசே வேண்டாமே, யாரும்மா உங்ககிட்ட வாங்கினது?" என்றார். 14,500 ரூபாய், என் சம்பளத்தில் பாதிக்கு மேல். அதைவிடக் கொதிப்பது வேறு. மனு போய்விட்டது, யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கையில் ஒரு மழைக்காலம் முழுவதும் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் அம்மாவையும் குழந்தைகளையும் படுக்க வைத்திருந்தோம். அந்தச் சுவர் விழுந்திருந்தால் இவர்கள் யாருக்குப் பதில் சொல்லியிருப்பார்கள்?

அந்த உதவிப் பொறியாளர் சாயங்காலமே வந்து பார்த்தார். உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் போகும் என்றார். டிரம் விஷயத்தைத் தீயணைப்பு நிலையத்தில் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். டிரம்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

என்ன செய்யணும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. சென்னை என்றால் மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்யுங்கள், இலவசம், புகார் எண்ணை அவர்களே தருவார்கள். வெளியூர் என்றால் முதல்வர் உதவி மையம் 1100, இல்லாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். பதில் இல்லையா, 10 ரூபாயில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 7(1) பிரிவே சொல்கிறது, அதை மனுவில் எழுதுங்கள். "அரசுக் கட்டணம்" என்று யாராவது தனிநபர் ஜிபே எண் கொடுத்தால் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள். நானும் இப்போதுதான் அதில் புகார் பதிந்தேன். வங்கி ஸ்டேட்மென்ட் கேட்கிறார்கள், அதை எடுக்கக் கிளம்புகிறேன்.