குளிர்காலத் தனிப் பயணத்துக்கு ஃபேட் பைக்கா, ஆணி டயரா?

கரடுமுரடான காட்டுப் பூங்கா ஒன்றில், குளிர்காலத்தில், துணைக்கு ஆளின்றி ஒரு பகல் முழுவதும் மலை சைக்கிள் ஓட்டத் திட்டமிடுபவர் இரண்டு வண்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஒன்று, நான்கு அங்குலம் அல்லது அதற்கு மேல் அகலமுள்ள டயர் பூட்டிய ஃபேட் பைக். மற்றது, கோடையில் ஓட்டும் அதே 29 அங்குலச் சக்கர மலை சைக்கிள். வழக்கமான டயரைக் கழற்றிவிட்டு, டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான உலோகக் கலவை முனைகொண்ட சிற்றாணிகள் பதித்த டயரை அதில் மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. இரு தரப்பார் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் பெரும்பாலான ஒப்பீடுகள், வண்டி நன்றாக ஓடும் நேரத்தை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன. தனியாகப் போகிறவரோ, அந்த நாளின் மிக மோசமான அரைமணி நேரத்தில் எந்த வண்டி தம்மைக் கைவிடாது என்றுதான் பார்க்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் தீர்ப்பு பல இடங்களில் மாறிவிடுகிறது.

ஃபேட் பைக் எதற்காகப் பிறந்ததோ அந்தக் காரியத்தை அது மிக நன்றாகச் செய்கிறது. அலாஸ்காவில் 1987-இல் தொடங்கிய இடிடாபைக் போட்டியில் பனித்தடத்தில் ஓட்டியவர்கள், சாதாரண டயர் பனிக்குள் புதைவதைக் கண்டு, ரிம்மையும் டயரையும் அகலமாக்கத் தலைப்பட்டார்கள். 2005-இல் சர்லி என்ற சைக்கிள் நிறுவனத்தின் பக்ஸ்லி என்ற ஃபேட் பைக் வந்த பிறகுதான் இத்தகைய வண்டி கடையில் வாங்கக்கூடிய பொருளாயிற்று. அகலமான டயரில் காற்றை வெகுவாகக் குறைத்து ஓட்டினால், ஓட்டுநரின் எடை பெரிய பரப்பில் பரவி, ஓரளவு இறுகிய பனியின் மேற்பரப்பு உடையாமல் தாங்குகிறது. காலடிகளும் பனிச்சறுக்குத் தடங்களும் பதிந்து அரைகுறையாக இறுகிய பாதையில், மற்ற சைக்கிள் எதுவும் இதற்கு ஈடாகாது. அத்தகைய பாதையே நாள் முழுவதும் கிடைக்குமானால் இந்த அலசலுக்கே வேலையில்லை.

ஆனால் அந்தக் குறைந்த காற்றழுத்தம் தன்னோடு ஒரு சிக்கலையும் கொண்டுவருகிறது; இதைப் பற்றிப் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் எண்ணம். வெப்பநிலை குறைந்தால் டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தமும் குறையும். 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் அறையில் ஃபேட் டயருக்கு 8 பி.எஸ்.ஐ. (டயர் காற்றழுத்தத்தின் அலகு) அளந்து வைத்துவிட்டு, மைனஸ் 10 டிகிரியில் பாதையில் இறங்கினால், அது ஆறுக்கும் கீழே போய்விடும். அதாவது கால் பங்குக்கு மேல் காணாமற்போகும். அதே வேறுபாட்டில் 25 பி.எஸ்.ஐ. வைத்த 29 அங்குல டயர் 21 அளவில் நிற்கும். ஓட்டுவதற்கு அது தடையில்லை. பனியில் 6 பி.எஸ்.ஐ. இதமாக இருக்கலாம், ஆனால் காட்டுப் பூங்காவின் பாதை பனியிலிருந்து திடீரெனப் பாறைக்கு மாறும்போது அதே டயரின் ரிம் கல்லில் மோதும். ஆகவே ஃபேட் பைக் ஓட்டுபவர் காற்றை வெளியில், குளிரிலேயே அளக்க வேண்டும். குறைந்த அழுத்தத்தைத் துல்லியமாகக் காட்டும் அளவி ஒன்றையும் கையோடு எடுத்துச்செல்ல வேண்டும்.

இனி பனிக்கட்டி. குளிர்காலப் பாதையில் பனியைவிட அஞ்சத்தக்கது இதுதான். சரிவிலிருந்து கசியும் ஊற்றுநீர் பாதையின் குறுக்கே வழிந்து, இரவில் உறைந்து, அதன் மேல் உதிர்ந்த இலைகளும் ஒரு விரற்கடைப் பனியும் படிந்து கிடக்கும். மேலிருந்து பார்த்தால் மற்ற இடத்துக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. வெளிறிய இலைகளின் ஓரத்தில் மட்டும் ஒரு மங்கிய பளபளப்பு இருக்கும். முன்சக்கரம் அதில் ஏறியதும், எவ்வளவு அகலமான ரப்பராக இருந்தாலும் பிடிமானம் கிடைப்பதில்லை. டயர் பெரிது என்பதனால் வழுக்காது என்று நம்புவது ஃபேட் பைக் குறித்த மிகப் பரவலான, மிக ஆபத்தான தவறான எண்ணம். ஆணியோ பனிக்கட்டியைக் கடித்துப் பிடிக்கிறது. பிடித்திருக்கிறது என்பதைக் கரகரவென்ற ஓசையே சொல்லிவிடுகிறது. துணையோடு செல்பவருக்கு மணிக்கட்டு முறிந்தால் அது ஒரு வருத்தமான நாள். தனியாகச் சென்றவருக்கோ, அசையாமல் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் உடல்வெப்பம் வெளியேறும் நேரம். இந்த ஒரு காரணத்துக்காகவே, ஆணியை நான் வசதிப் பொருள்களின் பட்டியலில் சேர்ப்பதில்லை.

ஆணி டயரின் குறைகளையும் மறைக்கக் கூடாது. அதன் எடை அதிகம், உருளும்போது இழுவையும் அதிகம். ஈரமற்ற பாறையில் ரப்பரைவிட உலோகம் எளிதில் சறுக்கும்; புதிய ஆணிகளைத் தொடக்கத்தில் தார்ச்சாலையில் நிதானமாக ஓட்டி, அவை தத்தம் குழிகளில் நன்றாக அமர்ந்த பிறகே முரட்டுப் பாதைக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லையெனில் பிடுங்கிக்கொண்டு போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, கணுக்கால் ஆழத்துக்கு மிதிபடாத பனி கிடந்தால் ஒடுங்கிய டயர் உழுதுகொண்டு போகுமே தவிர ஓடாது. முன்சக்கரம் தன் போக்கில் திரும்பும். அதைவிட ஆழமான பொலபொலப்புப் பனியில் ஃபேட் பைக்கையும் தள்ளித்தான் போக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆணி பதித்த ஃபேட் டயர் என்ற மூன்றாவது வழி இருக்கிறது. பிடிமானத்தைப் பொறுத்தவரை அதற்கு நிகரில்லை, ஆனால் அந்த எடையை நாள் முழுவதும் மேட்டில் மிதிப்பவரின் கால்கள் மாலைக்குள் அதற்கான விலையைக் கொடுத்துவிடும்.

நெடும்பயணம் என்று வரும்போது இந்த உழைப்புக் கணக்கை ஒதுக்கிவிட முடியாது. 45 டிகிரி அகலக்கோட்டில் டிசம்பர் இறுதியில் பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. 60 டிகிரியில் ஏறத்தாழ ஆறு மணி நேரம்தான். மெதுவான வண்டியில் அதே தூரத்தைப் போகும்போது இருட்டு வழியிலேயே பிடித்துக்கொள்ளும். ஃபேட் பைக்கின் அகன்ற அச்சினால் கால்கள் விரிந்தே மிதிக்க வேண்டியிருப்பதையும், சிலருக்கு அது முழங்காலில் வலியாக முடிவதையும் குறுகிய ஓட்டத்தில் உணர முடியாது. கூடுதலாக உழைத்தால் வியர்வை. வியர்த்த உடையோடு இறக்கத்தில் வேகமெடுத்தால் நடுக்கம். காற்றே வீசாத மைனஸ் 10 டிகிரி நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினாலே, முகத்துக்கு அது மைனஸ் 18 போல உறைக்கும்.

பழுது என்று பார்த்தால் நிலைமை கலவையானது. ஃபேட் பைக்கில் பெரும்பாலும் அதிர்வுதாங்கி இல்லாத கெட்டி முன்கவை இருப்பதால், குளிரில் எண்ணெய் கெட்டியாகி முன்பக்கம் விறைத்துப்போகும் தொல்லை அதற்கு இல்லை, மற்றதற்கு உண்டு. ஆனால் பஞ்சர் ஆனால் ஃபேட் டயர் ஏறத்தாழ மூன்று மடங்கு கொள்ளளவுள்ளது. அழுத்தம் குறைவாகப் போதும் என்றாலும், கைப்பம்பு அடிக்கும் நேரம் இரு மடங்குக்கு நெருங்கும், அதுவும் விரல்கள் மரத்துப்போன நிலையில். பெடலின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கடத்தும் ஃப்ரீஹப் விஷயத்தில் இரண்டு வண்டிக்கும் பேதமில்லை. உள்ளே இருக்கும் கிரீஸ் குளிரில் இறுகினால், சிறு கொக்கிகள் வெளியே எழும்பாமல் ஒட்டிக்கொள்ளும்; பெடல் சுற்றும், சக்கரம் அசையாது. பயணத்துக்கு முன்பே அதைத் துடைத்துக் குறைந்த வெப்பநிலைக்கான மெல்லிய மசகை இட்டுக்கொள்வது நல்லது. அப்படியும் நடுக்காட்டில் நேர்ந்தால், பின்பற்சக்கரத் தொகுதியைச் சில பிளாஸ்டிக் கட்டுகளால் சக்கரக் கம்பிகளோடு சேர்த்து இறுகக் கட்டிவிட்டால், பெடலை நிறுத்தாமல் சுற்றியபடி மெதுவாகத் திரும்பிவிடலாம். ஒரு பிடி கட்டுகள் பையில் இருக்கட்டும்.

பெடலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காலணியைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடலில் பனி அடைத்துக்கொள்ளும், காலணியின் அடியிலுள்ள உலோகம் பாதத்தின் சூட்டை உறிஞ்சும். தட்டைப் பெடலும் அகலமான கம்பளிக் காலணியும் இருந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கவும் முடியும். தனிப் பயணத்துக்குத் தட்டைப் பெடலே சரி. தண்ணீர்ப் பையின் குழாய் உறைந்துவிடும் என்பதால் மேற்சட்டைக்குள் வைத்த புட்டியே மேல். பைக்குள் வைப்பதானால் தலைகீழாக வைக்கலாம், பனிக்கட்டி மேலிருந்து படிவதால் மூடிப்பக்கம் திறந்திருக்கும்.

வண்டித் தேர்வைவிடப் பாதைத் தேர்வு பெரிது என்று சொல்லத் துணிகிறேன். வட்டமாகச் சுற்றி வரும் பாதை மனத்துக்கு இன்பமானது; ஆனால் பாதி தூரம் கடந்த பின் எதிர்பாராத பனிக்குவியல் வந்தால், தெரியாத பாதைக்கும் தெரிந்த பாதைக்கும் தூரம் ஒன்றாகிவிடும். போன வழியே திரும்பும் பாதையில் ஒவ்வொரு வழுக்கலும் ஒவ்வொரு ஓடையும் ஏற்கெனவே தெரிந்தவை, நம் டயர்த் தடமே வழிகாட்டி, திரும்ப எவ்வளவு நேரமாகும் என்பதைக் கடிகாரத்தில் கணக்கிடலாம். எட்டு மணி நேரப் பகலில் மூன்றாவது மணி முடிவில், எங்கிருந்தாலும் திரும்பிவிடுவது என்று முன்கூட்டியே முடிவெடுத்து, அதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகலாம்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில், பனி நன்றாக மிதிபட்டு இறுகிய, பாறை குறைந்த பாதைக்கு ஃபேட் பைக்கைத் தேர்வேன். பனி, பனிக்கட்டி, உறைந்த மண், பாறை எல்லாம் கலந்து வரும் முரட்டுப் பூங்காவுக்கு, போன வழியே திரும்பும் பாதையில், ஆணி டயர் பூட்டிய 29 அங்குல வண்டியே என் தேர்வு. புறப்பட்ட முதல் கிலோமீட்டரில் இறங்கித் திரும்பிப் பார்க்க வேண்டும்: டயர் ஓர் அங்குலத்துக்கு மேல் பள்ளமாகத் தடம் பதித்திருந்தால், எந்த வண்டியாக இருந்தாலும் அன்று அந்தப் பாதை சைக்கிளுக்கு ஏற்றதன்று, பிறர் பயன்படுத்தும் தடத்தையும் கெடுத்துக்கொண்டு மேலே போகாமல், நாளைய உறைபனிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.