அச்சில் ஆறு போல்ட், ஸ்பேர் சக்கரத்தில் அஞ்சு ஓட்டை: ஊட்னடாட்டா பாதைக்கு ட்ரெய்லர் வாடகைக்கு எடுக்கிறவர்கள் கவனத்துக்கு

மெல்போர்னில் இருந்தோ அடிலெய்டில் இருந்தோ அவுட்பேக், அதாவது ஆஸ்திரேலியாவின் ஆளரவமற்ற உள்நாட்டுப் பகுதிக்குக் கிளம்பப் போகிற நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். கம்பெனி பெயரைப் பொதுவில் போட மாட்டேன். கதையைக் கேளுங்கள், போதும்.

போன ஜூலை பள்ளி விடுமுறையில் மூணு குடும்பம், மூணு வண்டி, மொத்தம் பன்னிரண்டு பேர். கொழுந்தனாருடைய பிராடோ முன்னால், நாத்தனார் வீட்டு ஹைலக்ஸ் கடைசியில், நடுவில் எங்களுடைய ஃபாரஸ்டர். திருநெல்வேலியில் இருந்து வந்திருந்த என் மாமியாரும் உண்டு. டிவியில் உலுரு பாறையைப் பார்த்துவிட்டு, "அந்தச் செவந்த மலைய நேர்ல ஒருக்கப் பாத்துரணும்"னு அத்தை சொன்னதுதான் பயணத்துக்கே பிள்ளையார் சுழி.

திட்டம் இது. அடிலெய்டில் கேம்பர் ட்ரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போய், கூடாரமாக விரிக்கிற ட்ரெய்லர்) எடுத்து, மார்ரீ என்கிற ஊர் வரை போய், அங்கிருந்து ஊட்னடாட்டா பாதையில் மார்லா என்கிற ஊர். பிறகு ஸ்டுவர்ட் ஹைவேயில் வடக்கே உலுரு. மார்ரீயில் இருந்து மார்லா சுமார் 620 கிலோமீட்டர், அத்தனையும் மண்சாலை. அதனால்தான் "முழு ஆஃப்-ரோடு, ஊட்னடாட்டாவுக்குத் தயார்" என்று விளம்பரம் போட்டிருந்த கம்பெனியாகத் தேடிப் பிடித்தோம். ஒரு நாளைக்கு 145 டாலர், திருப்பித் தர வேண்டிய முன்பணம் 2,000. அது போக "ஆஃப்-ரோடு பேக்கேஜ்" 380 டாலர். சாட்டிலைட் போன், ரேடியோ மூணு, மணலில் சிக்கினால் இழுக்கிற கயிறு எல்லாம் அதில் அடக்கம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவர்கள் யார்டில் போய் நின்றோம். கடை மூடுகிற நேரத்தில் போனது முதல் தப்பு, அது எங்கள் தப்பு. காட்டிய ஆள் சிரித்த முகம். இழுத்தால் வெளியே வருகிற அடுப்படி, ஃப்ரிட்ஜ், கூடாரத்தை எப்படி விரிப்பது என்று அரைமணி நேரம் அருமையாகக் காட்டினார். டயர் பளபளவென்று கறுப்பாக இருந்தது. பின்னால் ஸ்பேர் சக்கரம் கறுப்பு உறைக்குள், பட்டை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. கொழுந்தன் அதைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டதுக்கு, "இப்போது அவிழ்த்தால் மறுபடி இறுக்கமாக வராது, வழியெல்லாம் தூசி ஏறும்" என்றார். நாங்களும் தலையாட்டினோம். ஒப்பந்தத்தை அவருடைய டேப்லெட் திரையில் விரலால் தள்ளித் தள்ளிக் கையெழுத்துப் போட்டாயிற்று.

மார்ரீ தாண்டிய பிறகு சாலை தகரக் கூரை மாதிரி நெளிநெளியாக இருக்கும். பல்லெல்லாம் ஆடும். டயரில் காற்றைக் குறைத்து, தூசிக்காக வண்டிக்கு வண்டி அரைக் கிலோமீட்டர் இடைவெளி விட்டு, ரேடியோவில் பேசிக்கொண்டே போனோம். பக்கத்திலேயே பழைய கான் ரயில்பாதையின் மிச்சம் கூட வந்தது. 1980-இல் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். 'கான்' என்பது ஒட்டகம் ஓட்டி வந்த 'ஆப்கான்'களை வைத்து வந்த பெயர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர்களில் பலர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்து வந்தவர்கள் என்றதும் பெரியவன், "அப்ப நமக்கு முன்னாடியே வந்துட்டாங்களா?" என்று கேட்டான்.

கட்டி தண்டா (லேக் அயர்) என்கிற உப்பு ஏரியின் தெற்குப் பகுதியைப் பார்க்க நிறுத்துகிற இடம் உண்டு. ஏரியின் தாழ்வான பகுதி கடல்மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே, ஆஸ்திரேலியாவிலேயே தாழ்ந்த நிலம். அங்கே போய்ச் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால் ரேடியோவில் நாத்தனார் வீட்டு அண்ணன் குரல்: "பிராடோ, நில்லு நில்லு, ட்ரெய்லர்ல இருந்து ஏதோ பறக்குது." பறந்தது டயரின் தோல். இடது பக்கச் சக்கரத்தில் மேல்பட்டை முழுசாக உரிந்து, மட்கார்டைக் கிழித்துவிட்டிருந்தது.

சரி, ஸ்பேர் இருக்கிறதே என்று பட்டையை அவிழ்த்து, உறையைக் கழற்றினார்கள். கொழுந்தன் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய் அச்சில் வைத்தார். எடுத்தார். திருப்பி வைத்தார். அப்புறம் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணி, இங்க வாங்க. இத எண்ணுங்க."

அச்சில் ஆறு போல்ட். சக்கரத்தில் அஞ்சு ஓட்டை.

நான் ரெண்டு தடவை எண்ணினேன். வேறு ஏதோ ட்ரெய்லரின் சக்கரத்தைத் தூக்கி மாட்டி உறை போட்டிருக்கிறார்கள். காரில் இருந்து இறங்கி வந்து பார்த்த அத்தை, "மாட்டு வண்டிக்கே கடையாணி இருக்கான்னு பாத்துட்டுல்லா பூட்டுவாக" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். அதுக்கு மேல் யாரும் என்ன சொல்ல?

கம்பெனியைக் கூப்பிடலாம் என்று சாட்டிலைட் போனை எடுத்தோம். நெட்வொர்க்கில் பதிவு இல்லை என்று வந்தது. வெட்டவெளியில் நின்று, ஆண்டெனாவை நீட்டி, இருபது நிமிஷம் முயன்றோம். பிறகு தெரிந்தது, சிம்முக்குப் பணமே கட்டவில்லை. சாதாரண மொபைலில் ஒரு கோடு சிக்னல் இல்லை. டயர் வெடித்ததை விட இது எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. அத்தைக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. அந்தப் போனை நம்பித்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

பிராடோவின் ஸ்பேர் சக்கரம் ஆறு ஓட்டை. அச்சில் பொருந்தியது, பிழைத்தோம். அன்று ராத்திரி கவார்ட் ஸ்பிரிங்ஸில் கூடாரம். ரயில் காலத்துப் பேரீச்ச மரங்களும், தண்டவாளக் கட்டைகளை அடுக்கிக் கட்டிய வெந்நீர்த் தொட்டியும் உள்ள இடம். அத்தை காலைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பயணத்தில் நன்றாகப் போன ஒரே சாயங்காலம் அதுதான்.

டார்ச் அடித்து ட்ரெய்லரின் மற்ற டயரைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. டயரின் பக்கச் சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். எங்கள் டயரில் 0913. அதாவது 2013-ஆம் வருஷம் ஒன்பதாவது வாரம். ஈரத்துணியால் துடைத்தால் கறுப்புப் பாலிஷ் கையோடு வந்தது, அடியில் நூல் நூலாக வெடிப்பு. மறுநாள் வில்லியம் கிரீக் என்கிற ஊருக்கு முன்னால் அதுவும் போயிற்று. ஹைலக்ஸின் ஸ்பேரை எடுத்து மாட்டினோம். ட்ரெய்லரை இழுக்கிற பிராடோவுக்கும் ஸ்பேர் இல்லை, ட்ரெய்லருக்கும் இல்லை. இந்த நிலைமையில் வடக்கே ஊட்னடாட்டா பக்கம் போக யாருக்கும் துணிச்சல் வரவில்லை. வில்லியம் கிரீக்கில் இருந்து கூபர் பீடி என்கிற ஊர்ப் பக்கம் வண்டியைத் திருப்பி, 166 கிலோமீட்டரை மணிக்கு நாற்பதில் ஊர்ந்து கடந்தோம். அங்கே ரெண்டு டயர் 780 டாலர். காத்திருந்ததில் ரெண்டு நாள் போனது. பூமிக்கு அடியில் குடைந்த தேவாலயத்தையும் வீடுகளையும் பார்த்ததோடு சரி. உலுருவுக்கு இன்னும் எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். லீவு முடியப் போகிறது. திரும்பினோம்.

அடிலெய்டில் அதே சிரித்த முகம். 2,000 முன்பணத்தில் 945 மட்டும் திரும்பி வந்தது. மட்கார்டுக்கு 690, தூசி சுத்தம் செய்ய 320, "சாட்டிலைட் போன் சேவைக் கட்டணம்" 45. அந்த 45-ஐப் பார்த்து என் வீட்டுக்காரர் சத்தமாகவே சிரித்துவிட்டார். கேட்டால் ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். முகாம்களுக்குப் போகும் 12 கிலோமீட்டருக்கு உட்பட்ட பாதை தவிர, மண்சாலையில் எந்தச் சேதத்துக்கும் காப்பீட்டுக் காப்பு கிடையாதாம். 620 கிலோமீட்டர் மண்சாலைக்குத் "தயார்" என்று விளம்பரம், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 12 கிலோமீட்டர்! ஆஃப்-ரோடு பேக்கேஜ் என்பது பொருட்களுக்குத்தானாம், காப்புக்கு இல்லையாம்.

இங்கே ஒரு சட்ட விஷயம். வாடகைக்கு எடுத்த பொருளுக்கும் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் உத்தரவாதம் உண்டு. சொன்ன வேலைக்குப் பொருள் லாயக்காக இருக்க வேண்டும், அதை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி ரத்து செய்ய முடியாது. விளம்பரப் பக்கத்தைக் கிளம்பும் முன்பே நாத்தனார் மகன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தான். அதையும், அஞ்சு ஓட்டைச் சக்கரத்தை அச்சுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தையும், 0913 படத்தையும் சேர்த்து, தென் ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் புகார்களைப் பார்க்கிற அரசு அலுவலகமான கன்ஸ்யூமர் அண்ட் பிசினஸ் சர்வீசஸுக்குப் புகார் கொடுத்தோம். அதன் பிறகு 690-உம் 45-உம் வந்தது. தூசிக்கு உள்ள 320 வரவில்லை. டயர் காசு 780-க்குப் பதிலே இல்லை, இன்னும் விடவில்லை.

யார்டில் எவ்வளவு சிரித்தாலும் ஸ்பேர் உறையைக் கழற்றச் சொல்லுங்கள். ஓட்டையை எண்ணுங்கள். சாட்டிலைட் போனில் அங்கேயே நின்று உங்கள் வீட்டுக்கு ஒரு கால் போடுங்கள். போகப் போகிற சாலையின் பெயரைச் சொல்லி, காப்பு உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.

அத்தை ஆகஸ்டில் ஊருக்குப் போய்விட்டார். போன வாரம் அந்த விளம்பரத்தை மறுபடி பார்த்தேன். அதே ட்ரெய்லர், புது மட்கார்டு, நாள் வாடகை 165. பின்னால் அதே கறுப்பு உறை.