அம்மாவின் இடுப்பு மூட்டும் தொலைந்த ஸ்டிக்கரும்

மூன்று வார லீவில் கோத்தகிரி போனதும் முதலில் கண்ணில் பட்டது அம்மாவின் நடை. 2008இல் இடது இடுப்பு மூட்டு மாற்றியவர். அதற்கப்புறமும் தேயிலைச் சரிவில் சளைக்காமல் ஏறி இறங்கியவர், இப்போது வாசல்படிக்கே சுவரைப் பிடிக்கிறார். ஆறு மாதமாகத் தொடை இடுக்கில் வலியாம். "மழைக்கு அப்படித்தான் இருக்கும் கண்ணு" என்றார்.

உள்ளூரில் அரை மணி நேரத்தில் எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்தார்கள். மூட்டு நகரவில்லை, பயமில்லை என்றார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. அம்மாவுக்கு வைத்தது உலோகக் கிண்ணத்தில் உலோக உருண்டை சுழலும் வகை. நான் இருக்கும் மான்செஸ்டரில் இப்படிப்பட்டவர்களுக்கு ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் பார்க்கிறார்கள். லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் மேற்கொண்டு சோதிக்காமல் விடமாட்டார்கள். உரசி உதிரும் நுண்துகள்களை உடம்பு எதிர்க்கும்போது மூட்டைச் சுற்றி நீர் கோக்கும், சதை செத்துப்போகும், எலும்பும் கரையலாம். சில சமயம் கட்டியாகத் திரளும், ஆனால் அது புற்றுநோய் இல்லை. சதையில் நடப்பது எக்ஸ்ரேயில் தெரியாது.

தலையணை வைத்து முன்சீட்டில் உட்காரவைத்து, கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக இறங்கி, மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை போனோம். அந்த டாக்டர் பொறுமையானவர். "எந்த கம்பெனி, எந்த மாடல்னு சீட்டு ஏதாவது இருக்குங்களா?" என்றார். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'இடுப்பு மூட்டு மாற்று' என்று ஒரே வரி. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் பழைய ஃபைல் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். மூட்டின் பெட்டியிலேயே மாடலும் பேட்ச் எண்ணும் போட்ட ஸ்டிக்கர்கள் வரும். அதில் ஒன்றை அம்மா கையில் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. 2010 ஆகஸ்டில் ஒரு வகை மூட்டை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அப்படி ஓர் அறிவிப்பு வந்தால், தன் இடுப்பில் என்ன இருக்கிறது என்றே தெரியாதவர் என்ன செய்வார்?

உலோகக் கலப்பில்லாத தனிக் குழாயில் ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் ரிசல்ட்: கோபால்ட் 11. உலோக நிழலைக் குறைத்து எடுத்த எம்ஆர்ஐயில் நீர்த்தேக்கம் தெரிந்தது. கிருமித் தொற்றும் இப்படியே காட்டும் என்பதால் ஊசியால் நீரை எடுத்துச் சோதித்தார்கள், தொற்று இல்லை.

அடுத்த மாதம் மறு ஆபரேஷன். உருண்டை செராமிக், கிண்ணத்துக்குள் பிளாஸ்டிக். ஸ்டிக்கரில் ஒன்றை எங்களுக்குத் தர வேண்டும் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன். தம்பி அதைப் போட்டோ எடுத்து அனுப்புவான்.